தரமிறக்கப் போரில் இரண்டாவது ஆள்

2023 மே 1. லெஸ்டர் நகரின் கிங் பவர் மைதானத்தில் லெஸ்டர் சிட்டியும் எவர்ட்டனும் மோதுகின்றன. இரண்டுமே இங்கிலாந்துக் கால்பந்தின் மேல் பிரிவான பிரீமியர் லீக்கை விட்டுக் கீழே விழும் விளிம்பில் இருந்த அணிகள். முதல் பாதி முடிவதற்குள் இரண்டு விஷயங்கள் நடந்தன. எவர்ட்டனின் 34 வயது கேப்டன் சீமஸ் கோல்மேன் முழங்காலில் அடிபட்டு ஸ்ட்ரெச்சரில் வெளியே போனார். லெஸ்டர் 2-1 என்று முன்னிலையில் இருந்தபோது அதற்கு ஒரு பெனால்டியும் கிடைத்தது. அடிக்க வந்தவர் ஜேம்ஸ் மேடிசன். எவர்ட்டன் கோல்கீப்பர் ஜோர்டன் பிக்ஃபோர்டின் தண்ணீர் பாட்டிலில் எதிரணியில் யார் எந்தப் பக்கம் அடிப்பார் என்ற குறிப்பு இருந்தது. மேடிசன் அடித்தால் நகராமல் நடுவிலேயே நிற்கச் சொன்ன குறிப்பு அது. பிக்ஃபோர்ட் நின்றார். பந்து நேராக அவரிடம் வந்தது. இரண்டாம் பாதியில் அலெக்ஸ் இவோபி கோல் போட, ஆட்டம் 2-2 என்று முடிந்தது.

அந்தப் பருவத்தின் கடைசியில் எவர்ட்டனுக்கு 36 புள்ளிகள், லெஸ்டருக்கு 34. அந்த ஆட்டத்தை லெஸ்டர் வென்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். லெஸ்டருக்கு 36, எவர்ட்டனுக்கு 35. ஏழு வருஷத்துக்கு முன்னால் கோப்பையையே வென்ற லெஸ்டர் தப்பியிருக்கும். 1954 முதல் மேல் பிரிவை விட்டு இறங்காத எவர்ட்டன் போயிருக்கும்.

தரமிறக்கத்தைப் பற்றி ரசிகர்கள் பேசும்போது இரண்டு கேள்விகள் கட்டாயம் வரும். எத்தனை புள்ளி எடுத்தால் தப்பலாம்? யார் யாருக்குக் காயம்? இரண்டையும் தனித்தனியாகத்தான் பேசுகிறோம். ஒரு பக்கம் புள்ளிப்பட்டியல், இன்னொரு பக்கம் காயப் பட்டியல். ஆனால் பட்டியலின் அடியில் இருக்கும் அணிகளுக்கு இந்த இரண்டும் ஒரே கணக்குதான். இத்தனை வருஷமாக இந்தப் போராட்டங்களைப் பார்த்து வருகிறேன். மைதானத்தில் இருக்கும் பதினொரு பேரை விட, ஒவ்வொரு இடத்துக்கும் பின்னால் காத்திருக்கும் இரண்டாவது ஆள் யார் என்பதுதான் ஓர் அணியின் விதியை முடிவு செய்கிறது என்று எனக்குப் படுகிறது.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். பிரீமியர் லீக்கில் 20 அணிகள், ஒவ்வொன்றுக்கும் 38 ஆட்டங்கள். கடைசி மூன்று அணிகள் சாம்பியன்ஷிப் என்ற இரண்டாம் பிரிவுக்கு இறங்கும், அங்கிருந்து மூன்று மேலே வரும். மேல் பிரிவில் கடைசி இடம் பிடித்த கிளப்புக்கும் லீக்கிலிருந்து ஒரு பருவத்துக்கு 10 கோடி பவுண்டுக்கு மேல் கிடைக்கிறது. கீழே போனால் அந்த வருமானம் சரிந்துவிடும். விழும் அதிர்ச்சியைத் தாங்க லீக் ஒரு தொகை கொடுக்கிறது. அதற்குப் பெயரே பாராசூட் பணம். தொலைக்காட்சிப் பணத்தில் எல்லா அணிக்கும் சமமாகப் பிரியும் பங்கில் முதல் ஆண்டு 55 சதவீதம், அடுத்த ஆண்டு 45, மூன்றாம் ஆண்டு 20. மேல் பிரிவில் ஒரே பருவம் இருந்துவிட்டு இறங்கிய அணிக்கு இரண்டு ஆண்டுகளோடு சரி. பாராசூட் இருந்தாலும் ஆட்டக்காரர்களை விற்கவேண்டி வரும், சம்பளம் குறையும், கிளப்பில் வேலை பார்க்கும் சாதாரண ஊழியர்களின் வேலையும் ஆட்டம் காணும். ரசிகர்கள் மே மாதத்தில் தூக்கம் கெட்டுத் தவிப்பது சும்மா இல்லை.

40 புள்ளி எடுத்தால் தப்பலாம் என்பது பழைய நம்பிக்கை. அது பொய்த்ததும் உண்டு. 2002-03இல் வெஸ்ட் ஹாம் 42 புள்ளி எடுத்தும் இறங்கியது. ஜோ கோல், மைக்கேல் கேரிக், ஜெர்மைன் டெஃபோ எல்லாம் இருந்த அணி அது. ஆனால் அண்மைக் காலத்தில் 40 என்பது தேவைக்கு அதிகமாகவே ஆகிவிட்டது. 18ஆம் இடத்தில் முடித்து இறங்கிய அணிகளைப் பாருங்கள்: 2021-22இல் பர்ன்லி 35, 2022-23இல் லெஸ்டர் 34, 2023-24இல் லூட்டன் 26, 2024-25இல் மறுபடியும் லெஸ்டர் 25. இவற்றில் கடைசி இரண்டு பருவங்களிலும் புதிதாக மேலே வந்த மூன்று அணிகளுமே அப்படியே திரும்பிப் போயின. அதற்கு முன் பிரீமியர் லீக்கில் அப்படி நடந்தது 1997-98இல் ஒரே ஒரு முறைதான். 2024-25இல் சவுத்தாம்ப்டன் ஏழு ஆட்டங்கள் மீதமிருக்கும்போதே இறங்குவது உறுதியாகி, 12 புள்ளிகளோடு முடித்தது. அந்த அளவு சரிவுக்குக் காயத்தைக் காரணம் சொல்ல முடியாது. எல்லோரும் நலமாக இருந்திருந்தாலும் அந்த அணி தப்பியிருக்காது. காயம் விதியைத் தீர்மானிப்பது ஒன்றிரண்டு புள்ளி வித்தியாசத்தில் நடக்கும் போராட்டங்களில்.

ஏன் அடியில் இருக்கும் அணிகளுக்கே இது இவ்வளவு வலிக்கிறது? பெரிய கிளப்புகள் ஐரோப்பியப் போட்டிகளிலும் ஆடுகின்றன, வாரத்துக்கு இரண்டு ஆட்டம். அங்கேயும் காயத்துக்குக் குறைவில்லை. ஆனால் அங்கே ஒருவர் விழுந்தால் உள்ளே வருபவர் ஏதாவது ஒரு நாட்டு அணியில் ஆடுபவராக இருப்பார். புதிதாக மேலே வந்த கிளப்பில் உள்ளே வருபவர் இரண்டு வருஷத்துக்கு முன்னால் மூன்றாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்தவராக இருக்கலாம். பெரிய கிளப்பில் பெஞ்சில் உட்காருபவரின் சம்பளம் சின்ன கிளப்பின் முதல் ஆட்டக்காரரின் சம்பளத்தை விட அதிகம். அந்தப் பணம் இல்லாதவர்கள் இரண்டாவது ஆளை எங்கிருந்து கொண்டுவருவார்கள்?

இன்னொன்று, ஒரு காயம் ஓர் இடத்தோடு நிற்பதில்லை. இடது பக்கத் தடுப்பாட்டக்காரருக்கு அடிபட்டது, அந்த இடத்துக்கு வேறு ஆள் இல்லை என்று வைத்துக்கொள்வோம். நடுக்களத்திலிருந்து ஒருவரை அங்கே இழுக்கிறார் பயிற்சியாளர். நடுக்களத்தில் ஓட்டை. அதை அடைக்க ஓரத்தில் வேகமாக ஓடும் ஒருவரை உள்ளே கொண்டுவருகிறார். இப்போது முன்னால் பந்து கொண்டுபோக ஆள் இல்லை. விழுந்தவர் ஒருவர்தான், ஆட்டம் கண்டதோ மூன்று இடங்கள். பட்டியலில் ஒரே ஒரு பெயர்தான் தெரியும், அதனால் ரசிகர்களும் ஒருவர்தானே என்று நினைத்துவிடுகிறார்கள்.

காலண்டரும் சேர்ந்து கழுத்தை நெரிக்கும். 21 வயதுக்கு மேற்பட்டவர்களில் 25 பேரைத்தான் அணிப்பட்டியலில் பதிவு செய்யலாம். ஆட்டக்காரர்களை வாங்க விற்க, பருவத்தின் நடுவில் ஜனவரி மட்டும்தான் திறந்திருக்கும். பிப்ரவரியில் ஒருவருக்கு முழங்கால் ஜவ்வு கிழிந்தால் கிளப் இல்லாமல் சும்மா இருக்கும் ஆட்டக்காரர்களில் யாரையாவதுதான் தேட வேண்டும். ஜனவரியில் அடிபட்டால் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் அவசரத்தில் இருப்பவன் என்று விற்பவனுக்குத் தெரியும்; விலை ஏறும்.

இதையெல்லாம் ஒரே அணியில் பார்க்க வேண்டுமானால் 2019-20 ஆஸ்டன் வில்லாவைப் பார்க்கவேண்டும். மூன்று வருஷம் கீழே இருந்துவிட்டு மேலே வந்த பழம்பெரும் கிளப். டிசம்பர் 21 அன்று சவுத்தாம்ப்டனுடன் ஆடும்போது நடுக்களத்தின் உயிர்நாடியான ஜான் மெக்கினுக்குக் கணுக்கால் எலும்பு முறிந்தது. பதினொரு நாள் கழித்து, 2020 ஜனவரி 1 அன்று, பர்ன்லியின் டர்ஃப் மூரில் வில்லா 2-1 என்று வென்றது. முதல் கோலைப் போட்டவர் முன்கள ஆட்டக்காரர் வெஸ்லி. அதே ஆட்டத்தில் வெஸ்லிக்கு முழங்கால் ஜவ்வு கிழிந்தது, கோல்கீப்பர் டாம் ஹீட்டனுக்கும் முழங்கால் போனது. ஹீட்டன் அதற்கு முன் பல வருஷம் பர்ன்லிக்கே ஆடியவர், பழைய வீட்டுக்குத் திரும்பி வந்த நாளில் இப்படி. கோல்கீப்பர், நடுக்களம், முன்களம் என்று அணியின் முதுகெலும்பே பதினொரு நாளில் நொறுங்கியது. வெஸ்லி மறுபடி களமிறங்கியது 2021 ஏப்ரலில்.

டிரான்ஸ்ஃபர் காலம் திறந்திருந்ததால் வில்லாவுக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. மிலானிலிருந்து கோல்கீப்பர் பெப்பே ரெய்னாவைத் தற்காலிகமாகக் கடன் வாங்கினார்கள். பெல்ஜியத்தின் கெங்க் கிளப்பிலிருந்து அம்ப்வானா சமட்டா வந்தார், பிரீமியர் லீக்கில் ஆடிய முதல் தான்சானியர். லீக்கில் அவர் போட்டது ஒரே கோல். மார்ச்சில் கொரோனாவால் ஆட்டங்கள் நின்றபோது வில்லா 19ஆம் இடத்தில் இருந்தது.

அந்த மூன்று மாத இடைவெளியில்தான் மெக்கின் தேறினார். ஜூன் 17 அன்று லீக் மறுபடி தொடங்கிய முதல் ஆட்டம் வில்லாவுக்கும் ஷெஃபீல்டு யுனைட்டெடுக்கும். ஆளில்லாத மைதானம். ஹீட்டன் இல்லை, ரெய்னாவும் ஆடவில்லை, கம்பங்களுக்கு நடுவே நின்றவர் ஓர்யன் நைலண்ட். ஆலிவர் நோர்வுட் அடித்த ஃப்ரீகிக்கைப் பிடித்த நைலண்ட் பின்னால் தடுமாறி, பந்தோடு கோல் கோட்டைத் தாண்டி வலைக்குள்ளேயே போய்விட்டார். கோல் என்றால் அதிரவேண்டிய நடுவரின் கைக்கடிகாரம் அதிரவில்லை. கோலைக் கண்டுபிடிக்கும் ஹாக்-ஐ தொழில்நுட்பத்தின் ஏழு கேமராக்களின் பார்வை மறைந்திருந்தது என்று அந்த நிறுவனம் பிறகு மன்னிப்புக் கேட்டது. ஆட்டம் 0-0. வில்லாவுக்கு ஒரு புள்ளி.

பருவம் முடிந்தபோது வில்லா 35, போர்ன்மத் 34, வாட்ஃபோர்டு 34. அந்த ஒரு கோல் கணக்கில் வந்து வில்லா அந்த ஆட்டத்தைத் தோற்றிருந்தால் போர்ன்மத்துக்குச் சமமாகி, கோல் வித்தியாசத்தில் (போட்ட கோல்களிலிருந்து வாங்கிய கோல்களைக் கழித்த கணக்கு) இறங்கியிருக்கும். இன்றைக்கும் போர்ன்மத் ரசிகர்களிடம் ஹாக்-ஐ என்று சொன்னால் முகம் மாறும், அதில் நியாயம் இருக்கிறது. அவர்களுக்கும் காயத்தின் கதை உண்டு. டேவிட் புரூக்ஸ் கணுக்கால் காயத்தால் அந்தப் பருவத்தின் பெரும்பகுதியை இழந்தார். ஆனால் வில்லா தப்பியதற்கு ஹாக்-ஐ மட்டும் காரணம் இல்லை. கடைசி நான்கு ஆட்டங்களில் எட்டு புள்ளி எடுத்தார்கள். மெக்கின் இல்லாமல் அது நடந்திருக்குமா என்பது சந்தேகம்தான். அணியில் யாருக்கு அடி என்பதோடு, அவர் எந்தத் தேதியில் திரும்பி வருகிறார், அந்தத் தேதிக்குப் பிறகு யாரோடெல்லாம் ஆட்டம் இருக்கிறது என்றும் கேட்கவேண்டும். பக்கத்து இடத்தில் இருக்கும் அணியோடு மோதுவதை ஆறு புள்ளி ஆட்டம் என்பார்கள், வென்றால் நமக்கு மூன்று, அவர்களுக்கு மூன்று போச்சு. அப்படி ஓர் ஆட்டத்துக்கு முந்தின வாரம் கோல்கீப்பர் திரும்பி வருவதும் மறுவாரம் வருவதும் ஒன்றல்ல.

எதிர்ப்பக்க உதாரணம் பணக்கார லண்டன் கிளப்பான டாட்டன்ஹாம், 2024-25இல். நவம்பரில் மான்செஸ்டர் சிட்டியை அதன் சொந்த மைதானத்தில் 4-0 என்று அடித்தார்கள். அந்த ஆட்டத்தில் கோல்கீப்பர் குலியெல்மோ விகாரியோ உடைந்த கணுக்காலோடு ஏறத்தாழ ஒரு மணி நேரம் நின்று ஆடியது பிறகுதான் தெரியவந்தது. அப்புறம் தடுப்பாட்டத்தின் இரண்டு தூண்களான மிக்கி வான் டி வென்னும் கிறிஸ்டியன் ரொமேரோவும் நீண்ட நாள் வெளியே போனார்கள். 18 வயது ஆர்ச்சி கிரே, நடுக்களத்துப் பையன், மையத் தடுப்பில் நின்றான். 22 ஆட்டங்களில் தோற்று, 38 புள்ளிகளோடு 17ஆம் இடம். அதற்குக் கீழே உள்ளதுதான் தரமிறக்கம். ஆனாலும் அவர்கள் உண்மையான ஆபத்துக்கு அருகில் வரவில்லை. 18ஆம் இடத்தை விட 13 புள்ளி அதிகம், மே மாதத்தில் யூரோப்பா லீக் கோப்பையும் வென்றார்கள். 2010-11இல் பர்மிங்ஹாமும் பிளாக்பூலும் 39 புள்ளி எடுத்தும் இறங்கின என்பதை இதோடு வைத்துப் பாருங்கள். டாட்டன்ஹாமைக் காப்பாற்றியது பாதி அவர்கள் பணம், மீதி அந்த வருஷம் கீழே இருந்த மூவரின் பலவீனம்.

லூட்டனிடம் அந்தப் பணம் இல்லை. சுமார் 12,000 பேர் மட்டுமே கொள்ளும் கெனில்வொர்த் ரோடு மைதானம், வீட்டு வரிசைக்குள் புகுந்து போகும் நுழைவாசல், ஒரு தலைமுறைக்குப் பின் கிடைத்த மேல் பிரிவு. 2023 டிசம்பர் 16 அன்று போர்ன்மத்தில் ஆட்டம் 1-1 என்று இருக்கும்போது, கேப்டன் டாம் லாக்கியர் இதயம் நின்று களத்தில் விழுந்தார். அதே ஆண்டு மே மாதம், அணி மேலே வந்த வெம்பிளி ஆட்டத்திலும் அவர் மயங்கி விழுந்திருந்தார். மருத்துவர்கள் அவர் உயிரைக் காப்பாற்றினார்கள். ஆட்டம் நிறுத்தப்பட்டது, அதுதான் சரி. இதைக் காயப் பட்டியலில் ஒரு வரியாக எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அணி தன் கேப்டனையும் தடுப்பின் மையத்தையும் இழந்தது உண்மை. ஜனவரி கடைசியில் பிரைட்டனை 4-0 என்று வென்றபோது மூன்று கோல் போட்ட எலைஜா அடிபாயோவும் விரைவிலேயே தொடைத்தசைக் காயத்தில் விழுந்தார். மார்ச் 13 அன்று அதே போர்ன்மத்தோடு ஆட்டம் மறுபடி முதலிலிருந்து நடந்தது. இடைவேளையில் லூட்டன் 3-0 முன்னிலை. முடிவு 4-3, போர்ன்மத் வெற்றி. அந்த இரண்டாம் பாதியில் லூட்டன் தடுப்பு சரிந்ததைப் பார்த்தவர்களுக்கு, கேப்டன் இல்லாத அணி என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை.

தொடையின் பின்தசைக் காயம், ஹாம்ஸ்ட்ரிங் என்று எல்லோரும் சொல்வது, இப்போது அதிகமாகிவிட்டதா? ஆமாம். ஐரோப்பியக் கால்பந்து அமைப்பு பெரிய கிளப்புகளில் நீண்ட காலம் நடத்திய ஆய்வில், மொத்தக் காயங்களில் ஹாம்ஸ்ட்ரிங்கின் பங்கு 2001-02இல் 12 சதவீதமாக இருந்தது, 2021-22இல் 24 ஆகியிருந்தது. முழு வேகத்தில் ஓடும் ஓட்டங்கள் கூடிவிட்டன, ஆட்டங்களும் நெருக்கமாக வருகின்றன. ஒரு முறை கிழிந்த தசை மறுபடி கிழியும் வாய்ப்பு அதிகம். தரமிறக்கப் போராட்டத்தில்தான் பாதி ஆறிய தசையோடு ஆளை இறக்கும் ஆசை பயிற்சியாளருக்கு வருகிறது. எவர்ட்டனின் டாமினிக் கால்வர்ட்-லூயினை ரசிகர்கள் கண்ணாடிப் பொம்மை என்கிற மாதிரி பேசியதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது வருத்தமாகத்தான் இருக்கும். அணிக்கு வேறு முன்கள ஆள் இல்லை என்பதால் திரும்பத் திரும்ப அவசரமாகக் கூப்பிடப்பட்ட ஒருவருடைய உடம்பு அது.

சரி, காயத்தை எவ்வளவு தூரம் சாக்காகச் சொல்லலாம்? 2022-23 லெஸ்டருக்கு அடிபட்டவர்கள் நிறைய. ரிக்கார்டோ பெரேராவுக்கும் ஜேம்ஸ் ஜஸ்டினுக்கும் குதிகால் தசைநார் அறுந்தது, ஜானி எவன்ஸ் பெரும்பாலான மாதங்கள் இல்லை. ஆனால் கோல்கீப்பர் விஷயத்தில் நடந்தது காயம் இல்லை. பருவம் தொடங்குமுன் காஸ்பர் ஷ்மைக்கேலை நீஸ் கிளப்புக்கு அனுப்பிவிட்டு, இத்தனை காலம் அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த டேனி வார்டை முதல் ஆளாக்கினார்கள். இரண்டாவது ஆளையே முதல் ஆளாக்கினால் மூன்றாவது ஆள் இரண்டாவது ஆகிறார். அந்தப் பருவத்தில் லெஸ்டர் வாங்கிய கோல்கள் 68. ஏப்ரலில் பொறுப்பேற்று, அணியைக் காப்பாற்றப் போராடிய பயிற்சியாளர் டீன் ஸ்மித். 2020இல் வில்லாவை ஒரு புள்ளியில் கரையேற்றிய அதே டீன் ஸ்மித்.

கடைசி நாள் 2023 மே 28. இங்கே பல வீடுகளில் அன்று இரவு எல்லோரும் அகமதாபாத் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சென்னையும் குஜராத்தும் ஆடவேண்டிய ஐபிஎல் இறுதியாட்டம் மறுநாளுக்குத் தள்ளிப்போனது. மழைக்கு நடுவே சேனலை மாற்றியபோது லிவர்பூல் நகரின் கூடிசன் பார்க்கில் எவர்ட்டன் போர்ன்மத்தோடு ஆடிக்கொண்டிருந்தது. அணிப்பட்டியலைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. கோல்மேன் இல்லை. அவர் இடத்துக்கு வந்த நேதன் பேட்டர்சனும் இல்லை. இடது பக்கத்தின் விட்டாலி மைக்கோலென்கோ இல்லை. கால்வர்ட்-லூயினும் இல்லை. வலது ஓரத்தில் நடுக்கள ஆட்டக்காரர் ஜேம்ஸ் கார்னர், இடது ஓரத்தில் முன்னால் ஓடிப் பழகிய டுவைட் மெக்நீல், முன்களத்தில் டெமராய் கிரே. ஒவ்வோர் இடத்திலும் இரண்டாவது ஆள், சில இடத்தில் மூன்றாவது.

லெஸ்டர் தன் மைதானத்தில் வெஸ்ட் ஹாமை முந்திக்கொண்டிருந்தது. எவர்ட்டன் டிரா செய்தால் போதாது, இருவரும் 34இல் நின்று கோல் வித்தியாசத்தில் எவர்ட்டன் போய்விடும். 57ஆம் நிமிடம் பெனால்டி பெட்டியின் விளிம்பில் பந்து விழுந்தது. அப்துலாயே டுகுரே வலது காலால் ஓங்கி அடித்தார். ஜனவரியில் முந்தைய பயிற்சியாளர் காலத்தில் அணியிலிருந்து ஒதுக்கப்பட்டுத் தனியாகப் பயிற்சி செய்துகொண்டிருந்தவர் அவர். பந்து வலையில். மைதானமே எழுந்தது. அதற்கப்புறம் ஆட்டம் முடிய மறுத்தது. கூடுதலாகப் பத்து நிமிடம் என்று பலகை காட்டியது. அந்தக் கூடுதல் நேரத்தில் மத்தியாஸ் வின்யா அடித்த பந்தை பிக்ஃபோர்ட் தட்டிவிட்டார். லெஸ்டரில் 2-1 என்று வென்றும், மக்கள் கைபேசியைப் பார்த்துக்கொண்டு, கூடிசனில் ஒரு கோல் விழாதா என்று நின்றுகொண்டிருந்தார்கள்.